ஊர்க் கபடியில் எத்தனை பேருக்கு ஜவ்வு கிழியுது? ரக்பி வைத்திருக்கும் கணக்கு நம்மிடம் ஏன் இல்லை?

நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, கொடைரோடு பக்கம் பொங்கலுக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ மின்னொளிக் கபடி நடந்தால், மறுநாள் டீக்கடையில் இரண்டு விஷயம் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். கோப்பையை எந்த டீம் தூக்கியது, ஃபைனலில் யார் எத்தனை பாயின்ட் எடுத்தார். எத்தனை பேர் நொண்டிக்கொண்டு பைக்கில் ஏறினார்கள், அவர்களில் எத்தனை பேர் அதற்குப் பிறகு களத்துக்கே வரவில்லை என்று கேட்டுப் பாருங்கள். "ரெண்டு மூணு பேரு இருக்கும்" என்பார்கள். யார், எப்போது, எப்படி அடிபட்டது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை.

ஸ்கோர் எழுத ஒருவர், விசில் ஊத ஒருவர், மைக் பிடிக்க ஒருவர் என ஊர்ப் போட்டியில் எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறார்கள். காயத்தை எழுத ஆள் வைக்கும் வழக்கம்தான் இல்லை. அதனால் என்ன நஷ்டம்? எழுதினால் முட்டி சரியாகிவிடுமா? நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் தேட நம்மூரில் அதிகம் ஆடாத ஒரு விளையாட்டுப் பக்கம் போக வேண்டியிருக்கிறது: ரக்பி.

ஏன் ரக்பி?

ரக்பி என்றதும் 2025-ல் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் சென்னை புல்ஸ் கோப்பை வென்றது சிலருக்கு ஞாபகம் வரலாம். மற்றபடி நமக்கும் ரக்பிக்கும் தூரம். ஆனால் ரக்பியும் கபடியும் ஒரு விதத்தில் பங்காளிகள். எதிரே வருபவரை உடம்பால் மறித்துக் கீழே தள்ளுவதுதான் இரண்டிலும் வேலை. அதற்கு இரண்டிலும் ஒரே பெயர், டேக்கிள்.

சம்பளத்துக்கு ஆடும் ரக்பி வீரர்களுக்கு டீம் டாக்டர் உண்டு, பிசியோ உண்டு, எல்லாம் பதிவாகும். வாரம் முழுக்க வேலைக்குப் போய்விட்டு சனிக்கிழமை மட்டும் ஆடுபவர்களின் கதை வேறு. இங்கிலாந்து ரக்பி சங்கமும் பாத் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2009-லிருந்து இந்த இரண்டாவது கூட்டத்தின் காயங்களைக் கணக்கெடுக்க ஆரம்பித்தன. முதல் சீசனில் 46 கிளப்கள், மூன்றாவது சீசனில் 76. பெரிய கருவி எதுவும் கிடையாது. யார் ஆடினார், யாருக்கு எங்கே அடி, எப்போது திரும்பி வந்தார் என்று கிளப்பில் முதலுதவி பார்ப்பவர்கள் எழுதி அனுப்பினார்கள், அவ்வளவுதான்.

எதைக் காயம்னு எழுதுறது?

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் சண்டையே இங்கேதான். முழங்கையில் தோல் உரிந்தால் காயமா? தொடைச்சதை பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் வெளியே உட்கார்ந்தால்? ஒருவர் எல்லாவற்றையும் எழுதுவார், இன்னொருவர் எலும்பு முறிந்தால்தான் எழுதுவார். இரண்டையும் ஒப்பிட்டால் எல்லாவற்றையும் எழுதிய நல்ல மனிதரின் டீம்தான் மோசமான டீம் மாதிரி தெரியும்.

2007-ல் சர்வதேச ரக்பி வாரியம் (இப்போது வேர்ல்ட் ரக்பி) கூட்டிய நிபுணர் குழு இதற்கு ஒரு வழி சொன்னது. வலி எவ்வளவு, ஸ்கேனில் என்ன வந்தது என்பதையெல்லாம் விட்டுவிட்டு, எத்தனை நாள் ஆட முடியவில்லை என்பதை வைத்தே காயத்தின் தீவிரத்தை அளந்தார்கள். 2 முதல் 3 நாள் என்றால் மிகச் சிறியது, 4 முதல் 7 நாள் லேசானது, 8 முதல் 28 நாள் நடுத்தரம், 28 நாளுக்கு மேல் போனால் கடுமையானது. அடிபட்ட நாளிலிருந்து, பயிற்சியிலும் ஆட்டத்திலும் முழுமையாகக் கலந்துகொள்ளும் நாள் வரை எண்ண வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், எழுதுபவர் டாக்டராக இருக்க வேண்டியதில்லை என்பது. 'ஜவ்வு கிழிஞ்சிடுச்சு' என்று நாம் சொல்வது உண்மையிலேயே ஏ.சி.எல். கிழிசலா, வெறும் வீக்கமா என்று களத்து ஓரத்தில் நிற்பவருக்குத் தெரியாது. ஆனால் தை 3-ஆம் தேதி உட்கார்ந்தவர் மாசி 20 வரை வரவில்லை என்பது தெரியும். நாள் எண்ணுவதற்கு எம்.பி.பி.எஸ். தேவையில்லை.

நம் பக்கம் அமெச்சூர் வீரர்களுக்கு இன்னொரு காலமும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து: எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை? நிலக்கோட்டையில் விடியற்காலையில் மல்லிகை பறிக்கப் போகிறவர், பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கிறவர்தான் ராத்திரி கபடியும் ஆடுகிறார். அவருக்கு முட்டி போனால் முதலில் நிற்பது ஆட்டம் இல்லை, வருமானம்.

1,000 மணி நேரம்: அந்த ஒரு எண்ணில் என்ன இருக்கு?

ஒரு டீமில் 6 பேருக்கு அடி, இன்னொன்றில் 3 பேருக்கு அடி. எது ஆபத்தான டீம்? முதல் டீம் 60 மேட்ச் ஆடியிருந்து, இரண்டாவது 10 மேட்ச்தான் ஆடியிருந்தால் பதில் தலைகீழ். அதனால் ஆடிய நேரத்தால் வகுக்க வேண்டும். உலகம் முழுக்கப் பயன்படுத்தும் அளவு, 1,000 ஆட்ட மணி நேரத்துக்கு எத்தனை காயம் என்பது.

ரக்பியில் ஒரு டீமுக்கு 15 பேர், 80 நிமிடம். ஆக ஒரு மேட்சில் ஒரு டீமின் கணக்கில் 20 மணி நேரம். 50 மேட்ச் ஆடினால் 1,000 வந்துவிடும். இங்கிலாந்தின் அமெச்சூர் கணக்கில் 1,000 மணி நேரத்துக்கு 16.9 காயம். அதாவது ஒரு டீம் மூன்று மேட்ச் ஆடினால் ஏறத்தாழ ஒருவருக்கு அடி. அடிபட்டவர் சராசரியாக 7 வாரத்துக்கு மேல் ஆட்டத்துக்கு வரவில்லை. மொத்தக் காயங்களில் பாதிக்குக் காரணம் டேக்கிள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. தொழில்முறை ஆண்கள் ரக்பியில் இதே எண் 81 என்று 2013-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. "அப்போ அஞ்சு மடங்கு ஆபத்தா?" என்றால், அப்படிச் சொல்ல முடியாது. அமெச்சூர் கணக்கில் 8 நாளுக்குக் குறையாமல் உட்கார வைத்த காயங்களை மட்டுமே எண்ணினார்கள். தொழில்முறைக் கணக்கில் ஒன்றிரண்டு நாள் போனதும் சேரும். சல்லடைக் கண்ணே வேறு வேறு அளவு. வாட்ஸ்அப்பில் வரும் 'இந்த விளையாட்டில்தான் அதிகக் காயம்' வகை ஒப்பீடுகளில் பாதி இங்கேயே விழுந்துவிடும்.

இப்போது கபடிக்கு வருவோம். களத்தில் 7 பேர். ஆண்களுக்கு 20 நிமிடம் வீதம் இரண்டு பாதி. ஏழு நாற்பது 280 நிமிடம், அதாவது 4 மணி 40 நிமிடம். இந்தக் கணக்கில் 1,000 மணி நேரம் சேர ஒரே டீம் ஏறக்குறைய 214 மேட்ச் ஆட வேண்டும். சீசனுக்கு 30 மேட்ச் ஆடும் ஊர் டீமுக்கு ஏழு வருஷம் ஆகும். ஆனால் அதே மாதிரி ஏழு டீம்கள் சேர்ந்து எழுதினால் ஒரே சீசனில் 980 மணி நேரம். நிலக்கோட்டையைச் சுற்றி ஏழு டீம் பிடிப்பதா கஷ்டம்?

சேர்ந்து எழுத வேண்டியதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு டீமின் 30 மேட்ச் என்பது 140 மணி நேரம். அதில் 3 பேருக்கு அடிபட்டால் 1,000-க்கு 21. நாலாவதாக ஒருவர் கால் இடறி விழுந்தால் எண் சட்டென்று 28-ஐத் தாண்டிவிடும். ஒரே ஒரு ஆள் புரட்டிப் போடும் கணக்கை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

கபடிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. ரக்பியில் 15 பேரும் பெரும்பாலும் களத்திலேயே இருப்பார்கள். கபடியில் அவுட் ஆனவர் வெளியே உட்கார்ந்து, தன் டீம் பாயின்ட் எடுத்தால்தான் திரும்பி வருவார். அதனால் 7 பேர் என்று பெருக்குவது உண்மையான நேரத்தைவிட அதிகம் காட்டும், காயத்தின் விகிதம் கொஞ்சம் குறைவாகத் தெரியும். பரவாயில்லை. எல்லா டீமும் ஒரே மாதிரி எண்ணினால் தங்களுக்குள் ஒப்பிட்டுக்கொள்ளலாம். ரக்பி எண்ணோடு வைத்துப் பார்க்கும்போது மட்டும் இதை மறக்கக் கூடாது.

ஆஸ்பத்திரியில் கேட்டால் தெரியாதா?

தெரியும், ஆனால் பாதிதான். சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவர்கள் கபடி வீரர்களின் முட்டிக் காயங்களை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டார்கள். ஏ.சி.எல். கிழிசல்தான் அதில் முன்னால் நின்றது. பயனுள்ள வேலை. ஆனால் ஆஸ்பத்திரிக் கணக்கில் வருபவர் ஆஸ்பத்திரிக்கு வந்தவர் மட்டுமே. எண்ணெய் போட்டு நீவிவிட்டு விட்டவர், நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட்டுக்கொண்டவர், மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு அடுத்த ஞாயிறு இறங்கியவர் யாரும் அதில் இல்லை. அடிபடாமல் ஆடிய நூற்றுக்கணக்கானவர்களும் இல்லை. அவர்கள் இல்லாமல் வகுக்க முடியாது.

மண்ணா, மேட்டா என்ற பழைய சண்டையும் இதனால்தான் தீராமல் கிடக்கிறது. "மேட்ல ஷூ பிடிச்சுக்குது, உடம்பு திரும்புது, முட்டி திரும்பல, அதான் ஜவ்வு போகுது" என்று ஒரு கட்சி. "மண்ணுல ஆடுனவன் தோலைப் பாரு, அப்புறம் பேசு" என்று எதிர்க்கட்சி. இரண்டு பேரும் தாங்கள் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். மேட்டில் எத்தனை மணி நேரம், மண்ணில் எத்தனை மணி நேரம் என்று தெரியாதவரை இது டீக்கடை விவாதமாகவே இருக்கும்.

எழுதி வைத்ததால் யாருக்காவது நல்லது நடந்ததா?

நடந்தது. நியூசிலாந்தில் ரக்பியில் கழுத்தெலும்பு, முதுகுத்தண்டு அடிபட்டு நிரந்தரமாக முடங்கியவர்களின் பதிவு 1976-லிருந்து இருக்கிறது. 2001-ல் எல்லாப் பயிற்சியாளர்களும் நடுவர்களும் வருடாவருடம் பாதுகாப்புப் பாடம் படிக்க வேண்டும் என்று 'ரக்பிஸ்மார்ட்' திட்டம் வந்தது. பழைய போக்கிலேயே போயிருந்தால் 2001 முதல் 2005 வரை சுமார் 19 பேருக்கு இப்படி முதுகுத்தண்டு அடிபட்டிருக்கும் என்பது கணிப்பு. உண்மையில் அடிபட்டவர்கள் 8 பேர். இரண்டு டீம்களின் முன்வரிசையும் தலை கோத்து முட்டித் தள்ளும் 'ஸ்க்ரம்' கட்டத்தில் மட்டும் பார்த்தால், 9 பேர் என்று எதிர்பார்த்த இடத்தில் ஒருவர்தான்.

டேக்கிள் முதலான மற்ற கட்டங்களில் அவ்வளவு பெரிய வித்தியாசம் வரவில்லை. அதுவும் பதிவு இருந்ததால்தான் தெரிந்தது. எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று இரண்டையும் காட்டும் கணக்குதான் நல்ல கணக்கு.

இங்கிலாந்துப் பள்ளிகளில் 14 முதல் 18 வயது மாணவர்களிடம் 'ஆக்டிவேட்' என்ற வார்ம்-அப் பயிற்சியைச் சோதித்தார்கள். 2017-ல் வெளிவந்த முடிவில், வாரத்துக்கு மூன்று முறையாவது அதைச் செய்த பள்ளிகளில் மேட்ச் காயங்கள் 72 சதவீதம் குறைவு. பேருக்குச் செய்த பள்ளிகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. சமநிலை, குதித்து இறங்குவது, திரும்புவது, கழுத்து பலம் என்று உடம்பை மட்டுமே வைத்துச் செய்யும் பயிற்சி அது. காசு செலவில்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 2023 ஜனவரியில் இங்கிலாந்து ரக்பி சங்கம், காய ஆய்வுகளைக் காட்டி, அமெச்சூர் ஆட்டத்தில் இடுப்புக்கு மேல் டேக்கிள் கூடாது என்று அறிவித்தது. ஆடுபவர்களிடம் கேட்கவே இல்லை என்று கிளப்கள் கொதித்தன. சங்கம் மன்னிப்புக் கேட்டு, நெஞ்செலும்பின் அடிப்பகுதிக்குக் கீழே என்று தளர்த்தி ஜூலையில் அமலாக்கியது. எண் எவ்வளவு சரியாக இருந்தாலும், களத்தில் நிற்பவரைக் கேட்காமல் விதி போட்டால் எடுபடாது.

"ஒண்ணுமில்ல மாப்ள, சுளுக்குதான்"

ஊர்க் கபடியில் கணக்கெடுக்க உண்மையான தடை நோட்டும் பேனாவும் இல்லை. அடிபட்டவரே மறைப்பதுதான். அவருக்குக் காரணம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, போலீஸ் என்று கபடி வழியாக வேலைக்குப் போனவர்களைப் பார்த்து வளர்ந்த பையன்கள் இங்கே நிறைய. மாவட்டத் தேர்வு அடுத்த வாரம் என்றால், முட்டி வீங்கியிருக்கிறது என்று எந்தப் பையன் வாயைத் திறப்பான்? "மாஸ்டர்கிட்ட சொல்லிடாத" என்பதுதான் முதல் வார்த்தையாக வரும். ஏ.சி.எல். கிழிந்த முட்டியோடு ஆடினால் உள்ளே இருக்கும் குஷன் போன்ற மெனிஸ்கஸும் சேர்ந்து கிழிய வாய்ப்பு அதிகம். ஒரு தேர்வைக் காப்பாற்றப் போய் மொத்த ஆட்டமும் போகலாம்.

அதனால் நோட்டு டீம் தேர்வு செய்பவர் கையில் இருக்கக் கூடாது. கேப்டனும் வேண்டாம், கோச்சும் வேண்டாம். ஆடி முடித்த ஒரு சீனியர், பி.இ.டி. சார், நர்சிங் படிக்கும் ஊர்ப் பெண் என்று டீமில் ஆள் எடுப்பதில் சம்பந்தமில்லாத ஒருவர் வைத்துக்கொள்ளலாம். பெயருக்குப் பதில் எண் போட்டு எழுதலாம். யாருக்கு எங்கே அடி என்பதை டீம் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது கூடவே கூடாது. 18 வயதுக்குக் கீழே என்றால் அப்பா அம்மா சம்மதம் வாங்கியே எழுத வேண்டும்.

தலையில் அடிபட்டால் நோட்டு அப்புறம்

2022 ஜூலையில் கடலூர் மாவட்டம் பண்ருட்டி பக்கம் மானடிகுப்பத்தில் பாடிப் போன 22 வயது வீரர், பிடிக்க வந்தவர்களிடமிருந்து தப்பும்போது விழுந்து, எழ முயன்று, களத்திலேயே சரிந்து இறந்தார். யாரோ போனில் எடுத்த வீடியோ தமிழ்நாடு முழுக்கப் போனது. அந்த மரணம் நமக்குத் தெரிந்தது வீடியோ இருந்ததால். இப்படிப்பட்ட நேரத்தில் களத்து ஓரத்தில் வேண்டியது நெஞ்சை அழுத்தி சி.பி.ஆர். செய்யத் தெரிந்த ஒருவரும் 108-க்கு உடனே ஒரு அழைப்பும்.

தலையில் அடி வேறு மாதிரி. பார்க்க ஒன்றும் இருக்காது. சங்கிலி போட்டுப் பிடிக்கும்போது இரண்டு தலை மோதும், தண்ணி தெளிப்பார்கள், எழுந்து நிற்பார், கைதட்டுவோம், மறுபடி இறங்குவார். 2011-ல் வட அயர்லாந்தில் ஒரு பள்ளி ரக்பி ஆட்டத்தில் 14 வயது மாணவர் தலையில் அடிபட்ட பிறகும் தொடர்ந்து ஆடி, மறுபடி அடிபட்டு இறந்துபோனார். பிரிட்டன் 2023-ல் எல்லா அமெச்சூர் விளையாட்டுக்கும் சேர்த்து ஒரே வழிகாட்டுதல் வெளியிட்டது. சந்தேகம் வந்தாலே வெளியே உட்கார வை, 21 நாளுக்கு முன் போட்டியில் இறக்காதே என்கிறது அது. மயக்கம் போட்டால்தான் மூளை அதிர்ச்சி என்பது தப்பு. ஸ்கோர் என்ன என்று கேட்டால் முழிப்பது, வாந்தி, தலைசுற்றல், நடை தள்ளாடுவது இதில் எது வந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரி.

சரி, எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

ஒரு நோட்டோ, போனில் ஒரு கூகுள் ஃபார்மோ போதும். ஒவ்வொரு மேட்சுக்கும் தேதி, எத்தனை நிமிட ஆட்டம், மண்ணா மேட்டா, எத்தனை பேர் ஆடினார்கள். இவ்வளவையும் யாருக்கும் அடிபடாத அன்றைக்கும் எழுத வேண்டும். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். பக்கம் காலியாக இருந்தால் காயம் இல்லையா, எழுத மறந்தார்களா என்று ஆறு மாதம் கழித்து யாருக்கும் தெரியாது. 'இன்று 0' என்று எழுதியிருந்தால் தெரியும்.

அடிபட்டால் உடம்பில் எந்த இடம், வலதா இடதா, ரைடு போனபோதா பிடித்தபோதா, கார்னரா கவரா, முதல் பாதியா இரண்டாவதா, அதே இடத்தில் முன்னாடி அடிபட்டிருக்கா என்று எழுதலாம். திரும்பி வந்த தேதிக்கு இடம் காலியாக விட்டுவைத்து, வாரம் ஒரு போன் போட்டுக் கேட்டு நிரப்ப வேண்டும். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ ஐ.டி. வேலையில் இருந்துகொண்டு திருவிழாவுக்கு மட்டும் ஊருக்கு வந்து நேராகக் களத்தில் இறங்கும் அண்ணன்களுக்கு (உங்களில் சிலர் இதைப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்) ஒரு தனிக் காலம்: 'கடந்த ஒரு மாதத்தில் எத்தனை நாள் பயிற்சி?' அவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள் என்பது என் சந்தேகம். நோட்டு இருந்தால் சந்தேகத்தைச் சரிபார்க்கலாம்.

அரசு பக்கம் இதற்கு வழி இல்லாமல் இல்லை. முதலமைச்சர் கோப்பைக்கு வீரர்கள் ஆன்லைனில் பதிவு செய்கிறார்கள். யார் ஆடுகிறார்கள் என்ற பட்டியல் அதிலேயே இருக்கிறது. 2024-ல் 12,000-க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளுக்கு விளையாட்டுப் பொருள்கள் தொகுப்பாகப் போயின. பந்தும் மட்டையும் போன அதே பையில் 40 பக்க நோட்டு ஒன்றும் போகலாம்.

ஏழு டீம், ஒரு சீசன் எழுதினால் கிடைப்பது கொஞ்சம்தான். 1,000 மணி நேரத்துக்கு எத்தனை பேர், அதில் முட்டி எத்தனை, தலை எத்தனை, ஒருவர் சராசரியாக எத்தனை நாள் வேலை இழந்தார் என்ற அளவுக்குத் தெரியும். மண்ணா மேட்டா என்ற சண்டைக்கு அந்த அளவு எண் பத்தாது. அதற்கு இன்னும் இரண்டு மூன்று சீசனாவது வேண்டும், மேட்டில் ஆடும் டீம்களும் கணக்கில் சேர வேண்டும்.